ஆல்பனி ஸ்லிப் சேலத்தில் கிடைக்குமா? பழைய கிளேஸ் குறிப்புகளைப் படிப்பது பற்றி

கேள்வி, ஜூன் 3

ஓமலூரிலிருந்து எழுதுகிறேன். மொட்டைமாடியில் சின்ன மின்சூளை வைத்திருக்கிறேன், 1250 டிகிரி வரை போகும். வெளிநாட்டில் பீங்கான் வேலை கற்றுவந்த தெரிந்தவர் ஒருவர், தன் கிளேஸ் (பாத்திரத்தின் மேல் கண்ணாடி போலப் படியும் பூச்சு) குறிப்புகளைக் கத்தையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எல்லாம் பழைய காகிதம். பாதியில் ஆல்பனி ஸ்லிப், மீதியில் கெர்ஸ்ட்லி போரேட், கோனா எஃப் 4, இப்படி. கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். இதெல்லாம் சேலத்தில் எங்கே கிடைக்கும்? கிடைக்காது என்றால் கத்தையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?

ஜூன் 3, இரவு

போடாதீர்கள். கடைக்காரர் சிரிப்பதும் நியாயம்தான். ஆல்பனி ஸ்லிப் அமெரிக்காவிலேயே இப்போது கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி ஊர்ப்பக்கம் தோண்டிய பழுப்புக் களிமண் அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த ஊறுகாய் ஜாடிகளுக்கு உள்பூச்சு அதுதான். 1980களின் நடுவில் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். கெர்ஸ்ட்லி போரேட் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பக்கத்துக் கனிமம், போரான் தருவது. அந்தச் சுரங்கமும் 2000 வாக்கில் நின்றது. கோனா எஃப் 4 ஒரு சோடா ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகும் பாறைக் கனிமம்), அதுவும் போய்விட்டது.

ஆக, உங்கள் கையில் இருப்பது பாதி இறந்துபோன சரக்குகளின் பட்டியல். ஆனால் சரக்குதான் போனது. அது சூளைக்குள் செய்த வேலையை வேறு சரக்கு செய்யும். அதில் பாதி நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய்விட்டது.

ஜூன் 4

முதலில் கத்தையைப் பிரிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

நம்மில் பலர் குறிப்பின் பெயரைப் பார்த்துத் தேடுகிறோம். 'நீலப் பனி', 'தேன் பழுப்பு' என்று பெயர் அழகாக இருக்கும். பெயரில் ஒன்றும் இல்லை. ஒரே கிளேஸ் பத்துப் பேர் கைமாறி, பத்துப் பெயரோடு அந்தக் கத்தைக்குள் இருக்கும். எடுத்ததும் நான்கு விஷயத்தைப் பாருங்கள்.

ஈயம் இருக்கிறதா. சிவப்பு ஈயம், வெள்ளை ஈயம், கலீனா என்று எந்தப் பெயரில் வந்தாலும் அந்தத் தாள் தனியாகப் போகட்டும். தொடவே வேண்டாம். பேரியம் கார்பனேட் இருந்தாலும் தனி வரிசை, அது எலி மருந்து.

அப்புறம் கோன் எண், அதாவது எந்தச் சூடு வரை ஏற்ற வேண்டும் என்பதற்கான எண். இங்கேதான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். கோன் 6 என்றால் ஏறத்தாழ 1220 டிகிரி. கோன் 06 என்றால் 1000 பக்கம். முன்னால் ஒரு சுழி இருந்தால் கணக்கு தலைகீழ்: 04, 06ஐ விடச் சூடு கூட. பழைய ஜெராக்ஸில் அந்தச் சுழி மங்கிப் போயிருக்கும். 06க்கான கிளேஸை 6 என்று எண்ணி ஏற்றினால் தட்டு முழுக்க வழிந்து, சூளைத் தட்டும் போகும். சந்தேகம் வந்தால் உள்ளே என்ன சரக்கு என்று பாருங்கள். ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி) பாதிக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் குறைந்த சூட்டுக்கானது.

மூன்றாவது, சூளையின் காற்று. கோன் எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரிடக்ஷன், அதாவது காற்றைக் குறைத்து எரிப்பது. உங்கள் மின்சூளையில் அது ஆகாது. செலடான் பச்சை, செம்புச் சிவப்பு எல்லாம் அந்த வகை. ஆசைப்பட்டுப் பயனில்லை. ஓ என்றிருந்தால் உங்களுக்கு.

நான்காவதுதான் சரக்குப் பெயர்கள். கடைசியில் வர வேண்டிய இதைத்தான் எல்லோரும் முதலில் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறார்கள்.

ஜூன் 4, பிற்பகல்

ஃபாரன்ஹீட். மறந்துவிட்டேன். அமெரிக்கக் காகிதத்தில் 2300 என்று மொட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம், நம் கணக்கில் 1260.

ஜூன் 7

ஈரோட்டு அக்கா கேட்டிருக்கிறார்: "கூட்டினால் 100 வராத குறிப்புகளை என்ன செய்வது?" ஒன்றும் செய்ய வேண்டாம் அக்கா. 87 வந்தாலும் 112 வந்தாலும் விகிதம்தான் முக்கியம். மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நிறம் தரும் இரும்பு, கோபால்ட், டைட்டானியம் போன்றவற்றை மட்டும் கூட்டலில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். அவை நூறுக்கு மேல் போடுவது. பழைய ஆட்கள் இதை எழுதாமலே விட்டுவிடுவார்கள், அவர்களுக்குத் தெரியும் என்பதால்.

கோப்பைக் கணக்கில் எழுதிய குறிப்புகள் (சாம்பல் 2 கோப்பை, களிமண் 1 கோப்பை) வந்தால் அதை எடைக்கு மாற்ற மெனக்கெட வேண்டாம். அப்படியே அளந்து ஒரு சோதனை ஓட்டில் பூசிப் பாருங்கள். பிடித்தால் அப்புறம் எடை போடலாம்.

ஜூன் 11

சரி, இப்போது முக்கியமான இடம். கொஞ்சம் கணக்கு வரும்.

எந்தக் கிளேஸும் மூன்று பேரால் ஆனது. கண்ணாடி ஆகும் சிலிகா, அதை வழியாமல் பிடிக்கும் அலுமினா, இரண்டையும் உருக வைக்கும் ஃப்ளக்ஸ். ஃப்ளக்ஸ் என்றால் சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, மெக்னீசியா வகையறா. செகர் என்ற ஜெர்மன்காரர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழி சொன்னார்: ஃப்ளக்ஸ் மூலக்கூறுகளின் மொத்தத்தை 1 என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டும் அதற்கு எத்தனை என்று எழுது. அப்படி எழுதிவிட்டால் சரக்கின் பெயர் மறைந்துவிடும்.

உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த 4-3-2-1. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் மாவு) 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 10. இதைச் செகர் முறையில் போட்டால் ஃப்ளக்ஸ் 1 (அதில் சுண்ணாம்பு முக்கால், பொட்டாஷ் கால்), அலுமினா 0.4, சிலிகா 3.7. கோன் 9, 10 பக்கம் பளபளவென்று தெளிவாக உருகும்.

இதே எண்கள் உங்கள் கத்தையில் வெவ்வேறு பெயரில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். ஒருவர் கஸ்டர் ஃபெல்ட்ஸ்பார் போட்டிருப்பார், அது தெற்கு டகோட்டா சரக்கு. இன்னொருவர் ஃப்ளோரிடாவின் ஈபிகே என்ற கயோலின், அதாவது சைனா கிளே, போட்டிருப்பார். ஒருவர் 42 போட்டிருப்பார், ஒருவர் 38. எண்ணாக மாற்றினால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். என் கத்தையை இப்படிப் பிரித்தபோது தடிமனான கோப்பு ஒன்று ஒல்லியாகிவிட்டது. பளபளப்பு, சுண்ணாம்பு மேட் (பளபளப்பில்லாத மங்கல் பரப்பு), மெக்னீசியா மேட், போரான் கிளேஸ், இரும்புக் கருப்பு, சாம்பல் கிளேஸ், களிமண் ஸ்லிப். ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் இவற்றின் மேல் தெளித்த நிறம்.

கணக்குப் போடக் கணினி நிரல்கள் இருக்கின்றன. ஆனால் நாலைந்து குறிப்பைக் கையால் போட்டுப் பாருங்கள், மண்டையில் நிற்கும்.

ஜூன் 12

'கையால் போட நேரம் யாருக்கு இருக்கு' என்று ஒருவர். சூளை ஆறும் வரை உங்களுக்கு வேறு என்ன வேலை சார்?

ஜூன் 19

நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கரூர், நாமக்கல் பக்கம் வெட்டுகிறார்கள், அரைத்த மாவாகவே வாங்கலாம். வாங்கும்போது பொட்டாஷா சோடாவா என்று கேளுங்கள், ஆய்வுத்தாள் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கோனா எஃப் 4 இருந்த இடத்தில் சோடா ஃபெல்ட்ஸ்பார், கஸ்டர் இருந்த இடத்தில் பொட்டாஷ். முடிந்தது. சைனா கிளேக்கும் பால் கிளேக்கும் (ball clay, குழைவான களிமண்) விருத்தாசலம் பக்கம் விசாரியுங்கள். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் களிமண்ணும் அந்த வட்டாரத்துச் சரக்கே.

கெர்ஸ்ட்லி போரேட் இருந்த இடத்தில் போரான் ஃப்ரிட் போட வேண்டும். நம் நாட்டில் ஓடுகள் செய்யும் தொழில் பெரிது, குஜராத்தின் மோர்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஃப்ரிட்டுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஆய்வுத்தாள் இல்லாத ஃப்ரிட்டை மலிவு என்று வாங்காதீர்கள். அதில் ஈயம் இருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது. இன்னொன்று: கெர்ஸ்ட்லி போரேட் வாளியில் கிளேஸைக் கூழாக்கி மிதக்க வைக்கும். ஃப்ரிட் அடியில் போய்க் கல்லாக உட்காரும். அதனால் கொஞ்சம் சைனா கிளே கூடச் சேர்க்க வேண்டும், சேர்த்ததற்கு அலுமினாவையும் சிலிகாவையும் கணக்கில் கழித்துக்கொண்டு.

ஓமலூர் நண்பருக்கு: உங்கள் சூளை உச்சம் 1250 என்றால் தினமும் அந்த உச்சத்துக்கு ஓட்டாதீர்கள், கம்பி சீக்கிரம் போகும். கோன் 6க்கு நில்லுங்கள். 4-3-2-1 அங்கே முழுதாக உருகாது. போரான் ஃப்ரிட் கொஞ்சம் உள்ளே வர வேண்டும்.

ஜூன் 20

வெள்ளைக்கல் பற்றி எதிர்பார்த்தபடியே நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். சேலத்துக்காரர் கிளேஸ் பேசினால் வெள்ளைக்கல்லில் வந்துதானே நிற்க வேண்டும்.

ஊருக்கு வடக்கே ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேடுகளைப் பலர் சுண்ணாம்பு என்றே நினைக்கிறார்கள். வெள்ளைக்காரனும் அப்படித்தான் 'சாக் ஹில்ஸ்' (சுண்ணாம்புக் குன்றுகள்) என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லா மேக்னசைட்டா என்று பார்க்க வீட்டு வினிகர் போதும். சுண்ணாம்புக்கல் நுரைத்துக்கொண்டு வரும், மேக்னசைட் சும்மா கிடக்கும்.

இதைக் கிளேஸில் போடலாம். சூளையில் பாதிக்கு மேல், 52 சதவீதம், கரியமில வாயுவாகப் போய்விடும், மிச்சம் 48 மெக்னீசியா. வைட்டிங்குக்குப் பதிலாகப் போடும்போது 100க்கு 100 போடக் கூடாது. மூலக்கூறு எடை வேறு. 100 கிராம் வைட்டிங்குக்கு 84 கிராம் மேக்னசைட்.

4-3-2-1ல் வைட்டிங் 20 இருக்கிறது அல்லவா. அதில் 5ஐ எடுத்துவிட்டு 4.2 மேக்னசைட் போடுங்கள். பளபளப்பு போய், தொட்டால் வழவழவென்று ஒரு மங்கல் பரப்பு வரத் தொடங்கும். 10ஐ எடுத்து 8.4 போட்டால் காய்ந்த மேட். முழுக்க மாற்றினால் உருகவே உருகாது. கோபால்ட் நீலம் இதில் ஊதாவாகத் திரும்பும், ஆச்சரியப்படாதீர்கள். இரும்பு கலங்கிய பழுப்பாகும்.

ரொம்பவும் கூட்டினால் இன்னொரு கூத்து. மெக்னீசியாவுக்கு உருகிய நிலையில் பரப்பு இழுவிசை அதிகம். கிளேஸ் சுருண்டு தீவு தீவாக நிற்கும், அடியில் மண் தெரியும். சிலர் இதையே ஆசைப்பட்டுச் செய்கிறார்கள், பாறையில் பூத்த பாசி மாதிரி இருக்கும். பூந்தொட்டிக்கு நல்லது. சோறு போட்டுச் சாப்பிட முடியாது.

ஜூன் 22

மேலே எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்கவும்: பச்சைக் கல்தான், சுட்டது கூடாது.

நம் ஊரில் மேக்னசைட் இரண்டு விதமாகச் சுடப்பட்டுக் கிடைக்கும். லேசாகச் சுட்டது தண்ணீர் பட்டால் அதை இழுத்துக்கொண்டு ஹைட்ராக்சைடாகும். கிளேஸ் வாளியில் போட்டால் மறுநாள் கரண்டி நிற்கும். நன்றாக வெந்தது, உருக்காலைச் சூளைகளுக்குச் செங்கல் செய்வது, கிளேஸ் சூட்டுக்கெல்லாம் அசையாது. மாவு வாங்கும்போது 'ரா' என்று அழுத்திக் கேளுங்கள். மருந்துக்கடையில் விற்கும் லேசான மெக்னீசியம் கார்பனேட் வேறு, பஞ்சு போல இருக்கும். பழைய குறிப்புகளில் மேக் கார்ப் என்று சுருக்கி எழுதுவது பெரும்பாலும் அதைத்தான்.

ஜூலை 1

கல்சட்டி! இதை யாரும் கேட்கவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

குறிப்புகளில் டால்க் என்று வந்தால் எல்லோரும் ராஜஸ்தானுக்கு ஆர்டர் போடுகிறார்கள். சேலத்து மாக்கல் என்ன பாவம் செய்தது? கல்சட்டி கடைவது அந்தக் கல்லில்தான், டால்க் அதில் நிறைய. கடையும் இடத்தில் மாவு மலையாகக் கொட்டிக் கிடக்கும். நல்ல டால்க்கில் மெக்னீசியா மூன்றில் ஒரு பங்கு, சிலிகா கிட்டத்தட்ட மீதி முழுக்க. மாக்கல்லில் கூடவே இரும்பும் வேறு சில கனிமங்களும் இருக்கும். அதனால் வெள்ளை வராது, லேசாகச் சாம்பல் தட்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. மெக்னீசியா வேண்டும், சிலிகாவும் வேண்டும் என்றால் வெள்ளைக்கல்லை விட இது அடக்கமாக நடந்துகொள்ளும்.

ஒன்று மட்டும். சில டால்க் பாறைகளில் கல்நார் இழை கலந்திருக்கும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. மாக்கல் மாவோ குவார்ட்ஸ் மாவோ, வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் மாவு. உலர்ந்தபடி சலிக்க வேண்டாம். கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல மாஸ்க். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஜூலை 2

கல்சட்டியையே உடைத்து அரைக்கலாமா என்று கேட்டவருக்கு: உங்கள் வீட்டில் யாரிடமும் கேட்டுவிட்டு வந்தீர்களா?

ஜூலை 14

இப்போது ஆரம்பக் கேள்விக்கு, ஆல்பனி ஸ்லிப்புக்கு.

அது என்ன செய்தது? ஒரு களிமண், தனியாகவே, கோன் 8, 10 சூட்டில் உருகிப் பழுப்புக் கண்ணாடி ஆனது. அப்படிச் செய்ய அதில் இரும்பும் சுண்ணாம்பும் கொஞ்சம் காரமும் மண்ணோடு மண்ணாக நைசாகக் கலந்திருந்தன. அவ்வளவுதான் அதன் பெருமை.

நம் ஏரிக் களிமண் 800, 900 டிகிரியில் சட்டியாகிறது. அதையே 1250க்கு ஏற்றினால் உப்பும், வளையும், சில மண் உருகிக் குட்டையாகும். பானை செய்கிறவருக்கு அது நாசம். கிளேஸ் தேடுகிறவருக்கு அதுதான் வேண்டும். எங்கோ நியூயார்க்கில் நின்றுபோன சுரங்கத்தை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு, கன்னங்குறிச்சியில் உட்கார்ந்திருக்கிறோம், எதிரே மூக்கனேரி!

அவசரப்பட்டு மண்வெட்டியோடு ஏரிக்குப் போய்விடாதீர்கள், மண் எடுக்க அனுமதி வேண்டும். சட்டி செய்கிற குடும்பங்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணே ஒரு உருண்டை தருவார்கள், காசு கொடுத்து வாங்குங்கள். ஒவ்வொரு ஏரி மண்ணும் ஒவ்வொரு விதம். எந்த ஊர் மண் என்று பையில் எழுதி வையுங்கள். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலக்கிறவர்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. கோலி அளவு உருண்டை பிடித்துக் காய வைத்து, உயர்சூட்டு மண்ணில் செய்த தடித்த கிண்ணத்தில் வைத்துச் சூளையில் ஏற்றுங்கள். கிண்ணம் இல்லாமல் தட்டில் வைக்காதீர்கள். இறக்கியபின் உருண்டை உருண்டையாகவே இருந்தால் அந்த மண் ஃப்ளக்ஸ் கேட்கிறது. கொஞ்சம் அமுங்கிப் பளபளத்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. குட்டையாகப் பரவியிருந்தால் உங்கள் ஆல்பனி ஸ்லிப் கிடைத்துவிட்டது.

ஜூலை 15

தொடர்ச்சி. உருகவில்லை என்றால் மண்ணோடு ஃப்ரிட்டை 10, 20, 30, 40 என்று கூட்டிக்கொண்டே போய் வரிசையாகச் சோதனை ஓடுகள் செய்யுங்கள். கோன் 6க்கு இதுதான் வழி. கோன் 9, 10க்குப் போகிறவர்கள் ஃப்ரிட்டுக்குப் பதில் விறகுச் சாம்பல் போடலாம். மண்ணும் சாம்பலும் சரிபாதி என்பது சீனர்கள், ஜப்பானியர்கள் காலத்திலிருந்தே தொடங்கும் இடம். ஓடுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துச் சுடுங்கள். வழியுமா வழியாதா என்பது அப்போதுதான் தெரியும்.

பூசுவதில் ஒரு சிக்கல். களிமண் காயும்போது சுருங்கும். பிஸ்க், அதாவது கிளேஸ் பூசும் முன் ஒருமுறை சுட்ட பாத்திரம், சுருங்காது. முழுக்கக் களிமண்ணான கிளேஸைப் பிஸ்க் மேல் பூசினால் விரிசல் விட்டு உதிரும். பழைய குறிப்பு எதுவும் இதைச் சொல்லாது, ஏனென்றால் அவர்கள் பாத்திரம் அரை ஈரமாக இருக்கும்போதே பூசினார்கள். நீங்கள் பிஸ்க் மேல்தான் பூசுவீர்கள் என்றால் மண்ணில் பாதியை 850 பக்கம் சுட்டு, பொடித்து, சலித்து, பச்சை மண் பாதியோடு கலந்துகொள்ளுங்கள். சுட்ட பாதி சுருங்காது.

ஜூலை 27

ஆடி வந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் திருவிழா, நகரத்துக்குள் வண்டி நகராது, மண் கொண்டுவர ஆள் கிடையாது. அடுத்து பிள்ளையார் சதுர்த்தி வரை சட்டிக்காரர் யாரும் உங்களுக்கு உருண்டை மண் தர மாட்டார், அவருக்கே போதாது. இப்போது கணக்குப் போடுங்கள்.

ஜூலை 30

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி, எஸ்டேட்டில் இருக்கிறார். இரண்டு கேள்வி.

ஒன்று, மலையில் பாக்சைட் கிடைக்கிறதே, அலுமினாவுக்கு அதைப் போடலாமா? அலுமினா இருக்கிறது தம்பி, அலுமினியத்துக்காக அங்கே வெட்டியதுதான். ஆனால் கூடவே இரும்பும் டைட்டானியமும். கிளேஸுக்கு அலுமினாவைச் சைனா கிளே மூலம் கொடுப்பதுதான் நல்லது, அது நைசு, வாளியில் மற்றதையும் மிதக்க வைக்கும். கிளேஸ் வழிந்து ஒட்டாமலிருக்கச் சூளைத் தட்டில் பூசும் கில்ன் வாஷுக்கும் செம்மண் நிறப் பாக்சைட் வேண்டாம், அதற்குச் சுத்தமான அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் சரிபாதி. அந்தச் செங்கல் நிற மண்ணை ஸ்லிப்பில் கலந்து நிறத்துக்குப் பூசிப் பாருங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டு, சாம்பல். இதில் நீங்கள் கொடுத்துவைத்தவர். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைக் கவாத்து செய்யும்போது விறகு எப்படியும் எரிக்கிறீர்கள். சாம்பலைத் தனியே சேர்த்து வையுங்கள், குப்பை கலக்காமல். காப்பித் தொலி எரித்த சாம்பலில் பொட்டாஷ் மிகுதி, அதைத் தனி டப்பாவில் வையுங்கள், இரண்டும் ஒன்றல்ல. தண்ணீரில் ஊற வைத்து மேல் தண்ணீரைக் கொட்டினால் கரையும் பொட்டாஷ் போய்விடும், மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பு. கழுவாமல் போட்டால் நன்றாக உருகும், ஆனால் வாளித் தண்ணீர் கையை அரிக்கும். கையுறை போடுங்கள். பழைய குறிப்பில் சாம்பல் என்று மட்டும் இருந்தால் கழுவியதா, என்ன மரம் என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த மாதிரிக் குறிப்பை எண்ணாக மாற்ற முயல வேண்டாம். உங்கள் சாம்பலை வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆகஸ்ட் 5

ஜவ்வரிசி மில் வைத்திருப்பவர் ஒருவர் இந்தப் பக்கம் வந்து, "எங்கள் ஸ்டார்ச்சுக்கு இதில் இடம் இல்லையா" என்கிறார். உண்டு ஐயா. கிளேஸ் பூசியபின் தொட்டால் மாவாக உதிராமல் பிடிக்க ஒரு பசை வேண்டும். பெரும்பாலும் சிஎம்சி என்ற செல்லுலோஸ் பசை போடுவார்கள். மரவள்ளி ஸ்டார்ச்சைக் காய்ச்சி விட்டாலும் பிடிக்கும். ஆனால் மே மாத வெயிலில் அந்த வாளி இரண்டாம் நாளே தெருவில் உள்ளவர்களைக் கூப்பிடும். அன்றன்று பூசும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள்.

ஆகஸ்ட் 6

கஞ்சமலை பற்றியும் ஒரு வரி. அந்த இரும்புக்கல் மேக்னடைட். ஓடை மணலில் காந்தத்தை ஓட்டினால் கருமணல் ஒட்டும். அதைக் கிளேஸில் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஒரே சீராகக் கருக்காது. சீரான நிறத்துக்குக் கடையில் சிவப்பு இரும்பு ஆக்சைடு மலிவுதான். நைசாக அரைக்க ஆசைப்பட்டு வீட்டு மிக்சியைக் கெடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 23

ஓமலூர் நண்பர் சோதனை ஓடுகளின் படம் அனுப்பியிருக்கிறார். அவர் ஊர் ஏரி மண் தனியாகக் கோன் 6ல் உருகவில்லை, அமுங்கிப் பளபளத்து நின்றுவிட்டது. 20 ஃப்ரிட்டில் பழுப்பு, அங்கங்கே மங்கல். 30ல் ஊறுகாய் ஜாடியின் மேல்பாதி நிறம் அப்படியே. 40ல் ஓட்டின் அடி வரை ஓடிவிட்டது. 30க்கும் 35க்கும் நடுவே இன்னொரு வரிசை போடச் சொல்லியிருக்கிறேன். 30 ஓட்டில் சிறு குழிகள் தெரிகின்றன. பூச்சு ரொம்பத் தடிமனாக இருக்கலாம், அல்லது உச்சச் சூட்டில் நிறுத்தாமல் உடனே அணைத்திருக்கலாம். உச்சத்தில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

தடிமனுக்கு ஒரு பிடி: 100 மில்லி கிளேஸை எடை போடுங்கள். 145 கிராம் பக்கம் இருந்தால் முக்கிப் பூசச் சரி. போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் அதே எடையிலும் கிளேஸ் தயிர் மாதிரி நிற்கும், தண்ணீர் மேலும் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். மேட்டூர்த் தண்ணீரில் கலந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

செப்டம்பர் 9

சாப்பிடும் தட்டுக்குப் பூசலாமா என்ற கேள்வி மறுபடி மறுபடி வருகிறது. உள்ளே ஈயம், பேரியம் இல்லை, நன்றாக உருகியிருக்கிறது, பளபளப்பு இருக்கிறது என்றால் முதல் படி தாண்டியது. பிறகு ஒரு எலுமிச்சைத் துண்டை அதன்மேல் வைத்து இரவு முழுக்க விட்டுக் காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடம் நிறம் மாறியிருந்தாலோ மங்கியிருந்தாலோ சாப்பாட்டுக்கு வேண்டாம், நம் வீட்டுப் புளிக்குழம்பு எலுமிச்சையை விட அதிக நேரம் தட்டில் இருக்கும். எலுமிச்சை தாங்கியதாலேயே எல்லாம் பத்திரம் என்றும் ஆகாது. விற்பதற்குச் செய்கிறவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். வெள்ளைக்கல் மேட் தட்டுகளில் ஸ்பூன் உரசிய கோடு விழும், மஞ்சள் பிடிக்கும். அவற்றை வெளிப்பக்கத்துக்கு வைத்துக்கொண்டு, உள்ளே 4-3-2-1 மாதிரி தெளிவான ஒன்றைப் பூசுங்கள், கோன் 6 ஆட்கள் ஃப்ரிட் சேர்த்து.

செப்டம்பர் 10

ஓமலூர் நண்பர் அந்தக் கத்தையை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சம்மதித்திருக்கிறார். வேண்டுபவர்கள் சொல்லுங்கள். ஈயம் உள்ள தாள்களைத் தனியாகச் சிவப்புக் கோடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பக்கத்துக்கு எவ்வளவு காசு என்பதை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.